கசியாச் சான்று

மூன்றாம் முறையும் கலம் கசிந்தால் சுடர்மதிக்குப் பேருந்து கிடையாது. பணிமனையில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். வண்டி ஓட்டும் தேர்வில் அவள்தான் முதலிடம். ஆனால் ஆவிக்குழலில் கசிவில்லாமல் சாறு நிரப்பத் தெரியாதவர் கையில் கோயம்புத்தூரில் யாரும் ஸ்டீயரிங்கைக் கொடுப்பதில்லை.

மனநிலையை ஆவியாக உள்ளே இழுக்கலாம் என்று ஆன பிறகு, ஓட்டுநர்கள் நிதானச் சாறு இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை. பள்ளி ஆசிரியர்களுக்குப் பொறுமைச் சாறு. பெண் பார்க்கப் போகிறவர்களுக்குத் துணிவுச் சாறு. விரலளவு குழல், அதன் தலையில் ஒரு கண்ணாடிக் கலம், கலத்துக்குள் பஞ்சு வைத்த சுருள். சுருள் சூடாகி இரண்டு இழுப்பு இழுத்தால் மனம் மாறிவிடும். கலம் கசிந்தால் பக்கத்தில் இருப்பவர் மனமும் சேர்ந்து மாறும் என்பதுதான் சிக்கல். போன வருடம் பொள்ளாச்சி வண்டியில் ஓட்டுநரின் கலம் கசிந்து, பயணிகள் அத்தனை பேரும் இறங்க வேண்டிய இடம் தாண்டியும் சாந்தமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தம் மகளின் நிச்சயதார்த்தத்தையே தவறவிட்டார். அதற்கு அவர் கோபப்பட்டது மறுநாள்தான். உடனே கசியாச் சான்று கட்டாயம் என்று சட்டம் வந்தது.

தேர்வறைக்கு வெளியே பெஞ்சில் சுடர்மதியும் ஷகிலாவும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஒரே மாலை வகுப்பு. சுடர்மதி ஒரு வகுப்பையும் விட்டதில்லை. ஷகிலா வந்த வகுப்புகள் குறைவு.

“ஏம் புள்ள, தூங்குனியா இல்லியா?” என்றாள் ஷகிலா.

“தூங்குனேன். கனவுல வளையம் வந்துச்சு.”

“மோதிரமா? யாரு போட்டா?”

“ரப்பர் வளையம். கலத்து மூடிக்கு அடியில இருக்கறது. கையில எடுத்ததும் பிரிஞ்சு போச்சு.”

“உனக்குக் கனவுலயும் கசியுது,” என்றாள் ஷகிலா.

உள்ளே தேர்வாளர் நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேர்வுக்குச் சிரிப்புச் சாறுதான்; அதன் குப்பி மேசைமேல் இருந்தது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, எந்தக் கருவிக்கும் அது பிடிபடாது. மனித மனம் ஒன்றுதான் அளவுகோல். அதனால் சிரிக்காத ஆட்களாகத் தேடித்தான் தேர்வாளர் ஆக்கினார்கள். தன் கல்யாண வீடியோவில்கூட நாச்சிமுத்து ஒரு பல்லைக் காட்டவில்லை. அவரே சிரித்துவிட்டால் கலம் கசிகிறது என்று பொருள். விதி அவ்வளவுதான்.

கதவு மூடியது. சுடர்மதி தன் பையிலிருந்து குழலையும் குப்பியையும் எடுத்து வைத்தாள். தன் கைமேல் நம்பிக்கை இல்லாததால், ஒவ்வொரு படியையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்வது அவள் வழக்கம். அவிநாசிப் பக்கத்து வளர்ப்பு. பூனையைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் விரட்டுவாள்.

“மொதல்ல காத்துவாய மூடிக்கறேனுங்க,” என்று கலத்திடம் முணுமுணுத்தாள். “கோவிச்சுக்காதீங்க, கொஞ்ச நேரந்தான்.”

மூடியைத் திருகிக் கழற்றினாள். “வந்துட்டீங்களா? அப்படி ஓரமா இருங்க.” வளையத்தை விரலால் தடவி வெடிப்பு இல்லை என்று பார்த்துவிட்டு, “போன தடவ மாதிரி பண்ணிராதீங்க, உங்கள நம்பித்தான் வந்திருக்கேன்,” என்றாள்.

கலத்தைச் சாய்த்துப் பிடித்து, குப்பியின் முனையைக் கண்ணாடிச் சுவரில் வைத்து அழுத்தினாள். “செவுத்தோரமாவே எறங்குங்க. நடுத்தண்டுக்குள்ள போனீங்கன்னா நேரா வாய்க்கே வந்துருவீங்க. அது மரியாதையா இருக்காதுங்க.” முழுக்க நிரப்பாமல் மேலே கொஞ்சம் வெற்றிடம் விட்டாள். அந்தக் காற்றுதான் சாற்றைக் கீழே ஒழுகாமல் பிடித்து வைக்கும். “அவருக்கும் எடம் விடுங்க, பாவம்.”

மூடி, நிமிர்த்தி வைத்து, பஞ்சு நன்றாக ஊறக் காத்திருந்து, காற்றுவாயைத் திறந்தாள். ஒரு துளிகூட வெளியே இல்லை.

நாச்சிமுத்துவின் கன்னம் முதலில் துடித்தது. பிறகு மீசை. பிறகு நாற்காலியே குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கசிஞ்சிருச்சுங்க,” என்றார். “மூணாவது தடவையும்.”

சுடர்மதி எழுந்திருக்கவில்லை. பேருந்து போய்விட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. “எங்கீங்க கசியுது? அதையாச்சும் சொல்லி அனுப்புங்க. எனக்கு வளையத்து மேலதான் சந்தேகம்.”

நியாயமான கேள்வி. அவர் வெள்ளைத் தாளால் கலத்தின் அடியைத் துடைத்தார். தாள் நனையவில்லை. மூடியைச் சுற்றித் துடைத்தார், காற்றுவாயில் ஒற்றினார். எங்கும் ஈரமில்லை. கடைசியில் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தவர், அப்படியே நின்றார்.

“இது மேசையில வச்சிருந்த குப்பி இல்லீங்களே.”

சுடர்மதி பார்த்தாள். மாலை வகுப்பில் பழகப் பயன்படுத்தும் குப்பி. பதற்றத்தில் கை பழக்கப்படி பைக்குள் போயிருக்கிறது. “அய்யோ, அது வெறுஞ்சாறுங்க. அதுல ஒண்ணுமே இருக்காது.”

“சிரிப்பு இல்லீங்களா?”

“ஒரு சொட்டுகூட இல்லீங்க.”

“அப்ப நான் எதுக்குங்க சிரிச்சேன்?”

“அத நீங்கதான் சொல்லணும்ங்க.”

நாச்சிமுத்து யோசித்தார். “வளையத்துகிட்டக் கெஞ்சுனீங்களே...” என்று தொடங்கியவருக்கு மறுபடி மீசை துடித்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டார். “போன ரெண்டு தடவ, வேற தேர்வாளருங்க முன்னாலயும் இப்படித்தான் பேசுனீங்களா?”

“ஆமாங்க. பேசலீன்னா எனக்குக் கை ஓடாதுங்க.”

அவர் சுருளுக்கு வைக்கும் பஞ்சில் இரண்டு உருண்டை உருட்டிக் காதுகளில் அடைத்துக்கொண்டார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். மேசைக் குப்பியைக் காட்டி, நிரப்புங்கள் என்று கையால் சைகை செய்தார். சுடர்மதி கலத்தைக் கழுவித் துடைத்து, வளையத்திடம் இன்னும் பணிவாகப் பேசி, நிஜமான சிரிப்புச் சாற்றை நிரப்பினாள். நாச்சிமுத்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

பஞ்சை எடுத்துவிட்டுச் சான்றில் முத்திரை வைத்தார். “உங்க கலம் என்னைக்குமே கசியலீங்க,” என்றார். முத்திரையைக் கீழே வைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தார். பூங்காவில் சேர்ந்து சிரித்த ஒரு ஜோடிக்குக் கசிவு அபராதம் போட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. எங்களிடம் குழலே இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒருவர் சிரித்து இன்னொருவர் சிரிப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று இந்த ஊரில் யாருக்கும் தோன்றாமல் போய் எத்தனை காலம் ஆகிறது?

“அடுத்த ஆள வரச் சொல்லுங்க,” என்றார்.

ஷகிலா உள்ளே போனாள். சுடர்மதி சான்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஷகிலா மூடியைக் கழற்றினாள், ஏதோ சொன்னாள். அவள் எதையும் கிண்டல் இல்லாமல் சொல்ல மாட்டாள். நாச்சிமுத்துவின் மீசை துடித்தது.

“கசிஞ்சிருச்சுங்களா?” என்றாள் ஷகிலா.

அவர் அவசரமாகப் பஞ்சை எடுத்துக் காதில் அடைத்தார், சுவரைப் பார்த்துத் திரும்பினார், நிரப்பச் சொல்லிக் கை காட்டினார். ஷகிலா வாயே திறக்காமல் நிரப்பினாள். அவர் தோள் மெல்லக் குலுங்கத் தொடங்கி, நிற்கவே மாட்டேன் என்றது. வெள்ளைத் தாளால் கலத்தைத் துடைத்தார். நனைந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

“பாஸா, பெயிலாங்க?” என்றாள் ஷகிலா.

“இருங்க,” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “கலம் கசியுதா, நான் கசியறனான்னு தெரியலீங்க.”