பத்தாவது துணி

தள்ளுவண்டியில் படுத்தபடி ஆபரேஷன் அறைக்குள் நுழையும்போதே சுவரிலிருந்த வெள்ளைப் பலகை அவள் கண்ணில் பட்டது. வயிற்றுக்குள் வைத்து ரத்தம் ஒற்றும் துணிகளை எண்ணிக் குறித்துவைக்கும் பலகை. 'தொடக்கத்தில்' என்ற கட்டத்தில் பத்து. 'முடிவில்' என்ற கட்டத்திலும் பத்து. அவள் வயிற்றில் இன்னும் கத்தியே படவில்லை.

அதே ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக வார்டு நர்ஸாக இருப்பவள், இன்று கர்ப்பப்பைக் கட்டியை எடுக்கத் தானே வந்து படுத்திருந்தாள்.

"என்னடி இது? ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிவை எழுதி வச்சுட்டே?"

பம்பரம் சிரித்தாள். கூடப் படித்தவள், இந்த அறையின் நர்ஸ், துணிகளை எண்ணுவது அவள் பொறுப்பு; ஓரிடத்தில் நிற்காத அந்தக் கால்களுக்காக இவளே வைத்த பட்டப்பெயர் அது. "காலையில முடிஞ்ச கேஸோடது. அழிக்க மறந்துட்டேன். இன்னிக்கு நீ பேஷன்ட்டுடி, வாயை மூடிக்கிட்டுப் படு."

பலகை துடைக்கப்பட்டது. ஆனால் இன்றைய முதல் கேஸே இவள்தான். தரையில் காலையில் துடைத்த ஈரம்கூட இன்னும் காயவில்லை. இருபது வருஷத் தோழியிடம் இதையெல்லாமா குடைவது?

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பு யாருடையதோ போலாகிவிட்டது. மார்புக்கு மேல் பச்சைத் திரையை இழுத்துக் கட்டிய பிறகு மிஞ்சியதெல்லாம் சத்தமும் வாடையும்தான்: கிண்ணத்தில் இடுக்கி விழும் கிணுகிணுப்பு, ரத்தத்தை உறிஞ்சும் குழாயின் களகளப்பு, மருந்து நெடியை மீறி வந்த கருகல் வாடை. கருகுவது தன் சதைதான் என்பது அவளுக்குத் தெரியும்.

முந்நூறு நாளாக ஒரு துணிகூடத் தவறவில்லை என்று போன வாரக் கூட்டத்தில் பம்பரத்தை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். இவளும்தான் தட்டினாள். அதே வாரம் இவள் வார்டுக்கு, ஆபரேஷன் முடிந்து வீடு போன ஒருத்தி வயிறு உப்பித் திரும்பி வந்தாள். காய்ச்சல் இறங்கவேயில்லை. காரணமும் யாருக்கும் பிடிபடவில்லை. துணிக் கணக்கு சரியாக இருந்ததால் அந்தப் பக்கம் யாருடைய யோசனையும் போகவில்லை.

இப்போது இவள் யோசனை அங்கேதான் போனது.

"தைக்கப் போறேன். எண்ணியாச்சா?" டாக்டரின் குரல்.

"ஏழு... எட்டு... ஒன்பது." பம்பரத்தின் குரல்.

குழாய் நின்றது. இடுக்கிகள் நின்றன. பத்து வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல டாக்டர். ரெண்டு ஒட்டிக்கிட்டிருக்கு. ஒரு நிமிஷம்."

"சீக்கிரம். அடுத்தவங்க வெளியில காத்துக்கிட்டிருக்காங்க."

காகிதம் கிழிபடும் சத்தம். மெல்லியது. ஈரத்துணியைப் பிரிக்கிற சத்தம் அல்ல. புதுத் துணிக்கட்டைப் பிரிக்கிற சத்தம். பத்தொன்பது வருஷமாகக் கேட்ட காது அது.

அவள் தலைக்கு நேர் மேலே பெரிய விளக்கு. அதன் நடுவில் பளபளக்கும் எஃகு மூடி. அதில் தலைகீழாக, வளைந்து, திரைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. டாக்டரின் முதுகு. அதற்கும் பின்னால், குத்துக்காலிட்டுப் பம்பரம். கையில் ஒரு துணி.

வெள்ளைத் துணி.

ரத்தக் கிண்ணத்தில் அதை முக்கினாள். பதறாமல். ஒரு பக்கம். மறுபக்கம். மெதுவாகப் பிழிந்தாள்.

"டாக்டர்..." குரல் காற்றாகத்தான் வந்தது. "உள்ள... உள்ள ஒண்ணு இருக்கு..."

மயக்க மருந்து டாக்டர் குனிந்தார். "என்னம்மா? பதறாதீங்க. துடிப்பு ஏறுது பாருங்க. கொஞ்சம் தூங்க வைக்கிறேன்."

"வேணாம். எண்ணச் சொல்லுங்க. அவ... புதுசை..."

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. தூங்குங்க."

கை நரம்பில் குளிர்ச்சி ஏறியது. முழங்கை. தோள். கழுத்து.

விளக்கில் பம்பரம் எழுந்தாள். சொட்டச் சொட்டச் சிவந்த துணியை வரிசையின் கடைசியில் வைத்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். நேராக விளக்கை. நேராக இவளை. முகமூடிக்கு மேலே அந்தக் கண்களில் பயமில்லை, வெறுப்பில்லை. வார்டில் குழந்தைக்கு ஊசி போடும்போது இருக்குமே, அந்தக் கனிவு.

"பத்து," என்றாள் உரக்க.

டாக்டர் கையை நீட்டினார். நூல் கோத்த ஊசி அவர் கைக்கு வந்தது.