இறக்கி வைத்தவர்கள்

தானாக ஓடும் வண்டி மாதவரத்தைத் தாண்டுவதற்குள் ஹம்சினி இறக்கி வைத்துவிட்டாள். அவள் கணவன் பிரணவுக்குத்தான் கொஞ்சம் இழுத்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிய மாற்றுவில்லையை இரண்டு முறை பிய்த்து ஒட்டினான். செங்குன்றம் ஏரி கண்ணில் பட்ட நேரத்தில் அவன் வில்லையிலும் பச்சை விளக்கு எரிந்தது. இருவர் முகமும் இஸ்திரி போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது.

பின் இருக்கையில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரிக்கனியின் முகம் அப்படி ஆகவில்லை. அவள்தான் தாங்கி.

நிறுவனம் வைத்த பெயர் கவலையேந்தி. ஜனங்கள் வாயில் அது தாங்கி என்று நின்றுவிட்டது. கவலையை அழித்துவிடலாம் என்றுதான் முதலில் ஆராய்ச்சி செய்தார்கள். அழித்துக்கொண்ட ஆட்கள் எரிகிற அடுப்பை விட்டுவிட்டு வெளியூர் போனார்கள், சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்தார்கள். அதன் பிறகுதான் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாற்றி வைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இப்போது ஊரில் கல்யாணம், சுற்றுலா, பரீட்சை எதுவானாலும் ஒரு தாங்கியைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். காரணம் வந்து சேராது, கனம் மட்டும் வரும். அந்தக் கனம் யார் பக்கம் சாய்கிறது என்பதும் தெரியும்.

பிரணவின் கனம் பாதி அலுவலகத்துப் பக்கம், பாதி குழந்தை பக்கம். ஹம்சினியுடையது முழுக்கக் குழந்தை மேல். ஐந்து வயது நறுமுகை, வீட்டில் முகி. பன்னிரண்டு வயதுக்குக் கீழே வில்லை ஒட்டக் கூடாது என்பதால் அவள் அவளாகவே இருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, கடல் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மாரிக்கனி அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு பூட்டியிருக்கிறதா என்று கை தானாகப் போய் இழுத்துப் பார்த்தது.

இந்த வேலைக்கு அவளை எடுத்ததே அந்தக் கைக்காகத்தான். நேர்முகத் தேர்வில், விடுதி அறையைப் பூட்டிவிட்டு வந்தீர்களா என்று கேட்டார்கள். பூட்டினேன் என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் யோசித்தவள், எழுந்து போய் விடுதிக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்தாள். அங்கேயே வேலை உறுதியாகிவிட்டது. பிறவியிலேயே பதறுகிறவர்களுக்குத்தான் உள்ளே இடம் அதிகமாம்.

ஆனால் இன்று அவள் வந்தது வேறு காரணத்துக்கு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அவள் அம்மாவை மதுரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். நாளைக் காலையில் இதயத்தில் வால்வு மாற்றுகிறார்கள். கூட இருப்பது தம்பி சுடலைமுத்து. எழும்பூரில் இரவு ரயிலுக்கு மாரிக்கனி டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். அதுவரைக்கும் விடுதியில் தனியாக உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அடுத்தவர்கள் பாரம் ஏறினால் நம்முடையது நகர்ந்து கொடுக்கும் என்று அவளுக்கு அனுபவத்தில் தெரியும். பொன்னேரி வருவதற்குள் அது நடந்தும்விட்டது. அம்மாவைப் பற்றிய பயம், நெரிசலான பேருந்தில் படிக்கட்டுக்கு ஒதுங்கிய ஆளைப் போல எங்கோ ஓரமாக நின்றது. இரண்டு இட்லி சாப்பிட முடிந்தது.

வேலையில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. பாரத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை யாரும் தூங்கக் கூடாது. தாங்கி தூங்கினால் ஏறியது அவளுக்குள் உறைந்துவிடும், உறை ஊற்றிய பால் மாதிரி. இறக்கி வைத்தவர்கள் தூங்கினால் காலியான இடம் மூடிக்கொள்ளும். அப்புறம் யார் வந்தாலும் பிரிக்க முடியாது. அதனால் வாடிக்கையாளர்கள் கொட்டாவி விட்டால் பேச்சுக் கொடுப்பதும் அவள் வேலைதான்.

பழவேற்காட்டில் வெயில் உப்பைப் போல் கிடந்தது. ஏரியில் படகுகள் வரிசையாக நின்றன. எந்தக் கூட்டத்தில் யார் தாங்கி என்று படகுக்காரர்கள் தூரத்திலேயே சொல்லிவிடுவார்கள். சிரித்துக்கொண்டு வருகிற நாலைந்து பேருக்கு நடுவில் விறைத்த கழுத்தோடு தலைகளை எண்ணிக்கொண்டு ஒரு ஆள் வரும்.

“நீதான தாங்கி?” என்றார் படகுக்காரர். “உன்ன மாதிரி ஒரு ஆள் இல்லாம நான் ஏத்தறதில்லமா. போன மாசம் ஒருத்தர் நடு ஏரில எழுந்து நின்னு, நடந்தே போயிடலாம் போலருக்கேன்றாரு.”

பிரணவ் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தான். மாரிக்கனி குழந்தைக்கு மிதவைச் சட்டையை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்து, இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாள்.

முகத்துவாரத்தைத் தாண்டிக் கடற்கரையில் இறங்கினார்கள். பட்டணத்துக்கு வந்தும் மாரிக்கனி அதுவரை கடலையே பார்த்ததில்லை. பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஊரில் பல தடவை நினைத்ததுண்டு. இப்போது அது எதிரில் கிடந்தது, அகலமாக, சத்தமாக. குழந்தைக்கும் அதற்கும் இடையில் எத்தனை அடி இருக்கும் என்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கரை நெடுக இப்படித்தான். குடும்பங்கள் ஆடிப்பாடிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று தன் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தது. தாங்கிகள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். பேசிக்கொள்ளத்தான் யாருக்கும் நேரமில்லை.

மீன் வறுவலும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி கூப்பிட்டான். அம்மாவுக்கு ரத்தம் இரண்டு பாட்டில் ஏற்பாடு பண்ணிவிட்டதாகவும், டாக்டர் வந்து வயசைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கியதாகவும் சொன்னான். சொல்லும்போதே குரல் உடைந்தது. மாரிக்கனி எல்லாவற்றையும் கேட்டாள். யாரோ ஒரு வீட்டுச் செய்தியைப் பக்கத்து இருக்கைக்காரர் வாசிப்பது போல இருந்தது. “சரிலே, ராத்திரி ஏறிருதேன்,” என்றாள். சொல்லும்போதே முகியின் தட்டில் முள் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு, இது சரியில்லையே என்று ஒரு கணம் பட்டது. சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி வந்துவிடும், ரயிலில் உட்கார்ந்து தாராளமாக அழுதுகொள்ளலாம்.

வெயில் தாழ்ந்து கிளம்புகிற நேரத்தில்தான் முகி அடம்பிடித்தாள். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறது, காலையில் வண்டியிலிருந்து பார்த்தது போதாது, இறங்கித் தொட்டுப் பார்க்க வேண்டும். பெற்றவர்கள் வண்டிக்குள் சாய்ந்திருந்தார்கள். போய் வரட்டும் என்றார்கள். கூடப் போகிற ஒரே ஆள் மாரிக்கனிதான். பத்து நிமிடம் இங்கேயே இருங்கள், கிளம்பிவிடாதீர்கள் என்று அவள் ஜன்னலில் குனிந்து இரண்டு தடவை சொன்னாள். இருவரும் அன்பாகத் தலையாட்டினார்கள்.

திரும்பி வந்தபோது வண்டி நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

போன் போட்டதும் ஹம்சினி எடுத்தாள். நிறுத்தும் நேரம் முடிந்துவிட்டது, எல்லோரும் ஏறியாச்சா என்று வண்டி கேட்டது, ஆச்சு என்று பிரணவ் சொல்லிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. அதை அவள் வானிலையைச் சொல்வது போலச் சொன்னாள்.

“மேடம், முகி இங்க எங்கூட நிக்கா.”

“அப்படியா, நல்லதாப் போச்சு. மெதுவாக் கூட்டிட்டு வாங்க.”

“வண்டியத் திருப்பச் சொல்லுங்க மேடம்.”

“எதுக்கு?” ஹம்சினி நிஜமாகவே யோசித்தாள். “பரவாயில்லமா. சீட்டு வேற சூப்பரா சாயுது.”

“மேடம், தூங்கிராதீங்க. நான் வந்து திருப்பித் தரவரைக்கும் தூங்கிராதீங்க. சாருட்டயும் சொல்லுங்க.”

“சொல்றேன், சொல்றேன்,” என்றாள் ஹம்சினி. கொட்டாவிச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

நிறுவனத்தில் ஒரு மேற்பார்வையாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இந்த மாதிரி விஷயத்தில் வாடிக்கையாளர் தரப்பிலிருந்துதான் புகார் வர வேண்டும் என்றார். அவர்களுக்குக் கவலையே இல்லையே, அது என்னிடம் அல்லவா இருக்கிறது, எப்படிப் புகார் செய்வார்கள் என்று மாரிக்கனி கேட்டாள். 

“அதனாலதான்மா நம்ம மேல இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல,” என்றார் அவர்.

பேருந்தில் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயில். முகி அழவில்லை. அம்மா ஏன் விட்டுவிட்டுப் போனாள் என்று ஒரு தரம் கேட்டாள். மறந்துட்டாங்க என்றதும், ஓ என்று சொல்லிவிட்டு மடியில் சுருண்டு தூங்கிப்போனாள். மாரிக்கனி தூங்கவில்லை. கண் சொருகும்போதெல்லாம் கையைக் கிள்ளிக்கொண்டாள். குழந்தையின் மூச்சு சீராக வருகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தாள். வழியில் தம்பிக்குச் செய்தி அனுப்பலாம் என்று போனை வாயருகே வைத்து, “சுடல, அம்மாட்ட சொல்லு,” என்று ஆரம்பித்தாள். போன் அதை எழுத்தாக்கிவிட்டு அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு வரவில்லை. அம்மாவின் முகம் தெரிந்தது, நெஞ்சுவலி வந்த இரவு தெரிந்தது. ஆனால் அதெல்லாம் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டது போலத்தான் தெரிந்தது. ரயில் பேசின் பாலத்தில் நின்றபோது அந்த மூன்று வார்த்தைகளை அழித்துவிட்டாள்.

அண்ணாநகரில் மூன்றாம் மாடி. நாலைந்து முறை மணியடித்த பிறகு பிரணவ் கதவைத் திறந்தான். கன்னத்தில் தலையணைக் கோடு விழுந்திருந்தது. உள்ளே சோபாவில் ஹம்சினி எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தாள். வண்டியில் ஏறியதிலிருந்து நல்ல தூக்கமாம்.

மாரிக்கனி வில்லையை எடுத்து அவர்கள் காதுக்குப் பின்னால் ஒட்டினாள். விளக்கு சிவப்பிலேயே நின்றது. பிய்த்து ஒட்டினாள். சிவப்பு. இடம் மூடிக்கொண்டுவிட்டது.

“விடுங்க மாரிக்கனி,” என்றாள் ஹம்சினி. “எங்களுக்கு ஒன்னும் வித்தியாசமாத் தெரியல. நல்லாத்தான் இருக்கோம்.” நிறுவனத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டதாகப் பிரணவ் சொன்னான்.

அவள் கீழே இறங்கி வாசலுக்கு வந்தாள். பையில் ரயில் டிக்கெட் இருந்தது. ஆட்டோ பிடித்தால் எழும்பூருக்கு நேரத்துக்குப் போய்விடலாம். ஏதோ இழுக்க, நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாம் மாடி பால்கனிக் கதவு முழுதாகத் திறந்திருந்தது. கம்பியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது.

மாடியேறிப் போய்ச் சொன்னாள். பிரணவ், ஆமால்ல என்று சிரித்தான். கீழே வந்து பார்த்தாள், கதவு அப்படியே இருந்தது. மறுபடி ஏறினாள். அவளையே வந்து சாத்திவிட்டுப் போகச் சொன்னான். நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு இறங்கினாள். தெருவுக்கு வருவதற்குள் முகி கதவைத் திறந்துகொண்டு பால்கனிக்கு வந்திருந்தாள். கையசைத்தாள். அவளுக்குப் பின்னால் நாற்காலியும் திரும்ப வந்திருந்தது. உள்ளே தொலைக்காட்சி வெளிச்சத்தில் இரண்டு தலைகள் அசையாமல் தெரிந்தன.

எதிர்ச்சாரியில் மூடியிருந்த ஒரு தையல்கடைப் படியில் மாரிக்கனி உட்கார்ந்தாள். ஆட்டோக்கள் வேகம் குறைத்து, அவளைப் பார்த்துவிட்டுப் போயின. கை நீட்டலாம் என்று நினைத்தாள். கை எழவில்லை.

போன் அடித்தது. ஏறியாச்சா என்று தம்பி கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டது தெரிந்தது.

“சாப்ட்டியா தாயி?”

“ம்.”

“காலைல வெள்ளனாவே கூட்டிட்டுப் போயிருவாகளாம். எனக்கென்ன, ஊசியப் போட்டா நாம்பாட்டுக்குக் கெடப்பேன். ஒன்னய நெனச்சாத்தான் எனக்கு. சின்னப் பிள்ளைல இருந்தே தொட்டதுக்கெல்லாம் பதறுவ. நீ ஒண்ணும் கவலப்படாத, என்ன?”

“படலம்மா.”

 அந்தக் குரலில் நடுக்கம் இருக்கிறதா என்று அம்மா இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் தேடியிருப்பாள். ஒரு பொட்டு நடுக்கமும் இல்லை. மாரிக்கனி அம்மாவிடம் அதுவரை சொன்ன அத்தனை ‘படலம்மா’வும் பொய். இது மட்டும்தான் நிஜம்.

“இப்பத்தான் எனக்கு நிம்மதி,” என்றாள் அம்மா. “நிம்மதியாத் தூங்குவேன்.”

“சரிம்மா. வச்சிருதேன்.”

மேலே முகி நாற்காலியைக் கம்பிப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். மாரிக்கனி எழுந்து சாலையைக் கடந்து ஓடினாள்.