கதவுக்காரருக்கு வைத்த நேர்ச்சை

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்கு நானும் என் புருஷன் முபாறக் மச்சானும் குடிபோனோம். எனக்குச் சீதனமாக எழும்பிக்கொண்டிருந்த வீடு சுவரோடு நின்றுபோயிருந்தது. கூரை போடும்வரைக்கும் என்று உம்மா இரவலாகப் பிடித்துத் தந்த வீடு இது. முன்கதவு உப்புக் காற்றில் ஊதிப்போயிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும்.

குடிவந்த மூன்றாம் நாள் ஜித்தாவிலிருந்து என் கூடப்பிறந்த சரீப் காக்காவின் பெட்டி வந்தது. சவர்க்காரம், போர்வை, அடியில் ஒரு டீவீ கேம். மச்சானுக்கென்று எழுதியிருந்தது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டது நான்தான். சிரிக்க வேண்டாம். புதிதாகக் கலியாணம் முடித்தவள் பகல் முழுக்க அடைத்த வீட்டுக்குள் வேறென்ன செய்வாள்?

மச்சான் நிந்தவூரில் இங்கிலீசு படிப்பிக்கிற மாஸ்டர். திரையில் வரும் எழுத்தை அவர் வாசித்துச் சொல்வார், நான் விளையாடுவேன்.

கதை இதுதான். கடலைவிடத் தாழ்ந்த ஒரு பட்டினம். கடலைத் தடுத்து ஒரு பெரிய கதவு. அந்தக் கதவைக் காக்கிறவன்தான் வில்லன். நனைந்த கறுப்பு உடுப்பு, முகம் தெரியாது. வருடத்துக்கு ஒரு வீட்டுக்கு வருவான். மூன்று தரம் தட்டுவான். வலது கையை விரித்து நீட்டுவான். அந்த வீட்டில் ஒருவரைக் கொடுத்தால், கதவு இன்னும் ஒரு வருடம் தாங்கும். விளையாடுகிறவர் அவனைக் கொல்ல வேண்டும்.

முதல் தடவை நானும் கொன்றேன். அவன் விழுந்ததும் கதவு திறந்து, கடல் உள்ளே வந்து, பட்டினம் முழுக்கத் தண்ணீருக்குள் தாண்டுபோனது. அதற்குப் பிறகு திரையில் 'வெற்றி' என்று விழுந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவன் என் வாயில் அவராகிவிட்டார். கதவுக்காரர். அவர் பொய் சொல்வதில்லை. பறிப்பதில்லை. திறந்து கொடுத்தால் மட்டும் வாங்குவார், வாங்கினால் சொன்னதைச் செய்வார். அந்த நாட்களில் எங்களைச் சுற்றித் துவக்குப் பிடித்த எவனைப் பற்றியாவது இப்படிச் சொல்ல முடிந்ததா? விளையாட்டில் கதவடிக்கு வந்தால் நான் வாளை வீசமாட்டேன். அவர் பக்கத்தில் சும்மா நிற்பேன்.

"வில்லனோட குடும்பம் நடத்திற பொண்டாட்டி எனக்குத்தான் வாய்ச்சிரிக்கி," என்று மச்சான் சிரிப்பார்.

"ஊரக் காப்பாத்திறவர் வில்லனா, மச்சான்?"

"ஊர் ஆள எடுத்தெல்லவா காப்பாத்திறான்?"

"கேட்டுத்தானே எடுக்கிறார்," என்பேன்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரம், நிந்தவூர் வீதியில் எங்கோ குண்டு வெடித்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஊரடங்கு என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது. பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்குகிறார்களாம் என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ சொன்னார்கள். லுஹர் போனது. அஸர் பாங்கும் சொல்லிவிட்டார்கள். மச்சான் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் இப்படியான நேரத்தில் பெண்கள் செய்கிற ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத் துண்டில் காசை முடிந்து, காரியம் கைகூடினால் இன்னதைத் தருகிறேன் என்று கடற்கரைப் பள்ளிவாசலுக்கு நேர்ந்து, கூரை வளையில் கட்டி வைப்பார்கள். நானும் காசை முடிந்தேன். அறைக்குள் டீவீ ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்காரர் தன் இடத்தில் நின்றார், என்னைப் பார்த்தபடி.

அல்லாஹ் என்ன நாடியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இவர் என்ன செய்வார் என்று தெரியும்.

அந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது. துண்டை டீவீ கேமின் வயரில் கட்டினேன்.

"மச்சானக் கொண்டு வந்து விடுங்க," என்றேன். "இந்த வீட்டில ஒராளத் தாறன்."

என்னைத்தான் சொன்னேன். வீட்டில் இருந்தது நாங்கள் இருவர். அவர் வந்தால், கொடுக்க மிச்சம் நான்தானே.

கதவு மூன்று தரம் தட்டப்பட்டது.

ஓடிப்போய்த் தள்ளித் திறந்தேன். மச்சான் நின்றார். ஒரு காலில் மட்டும் செருப்பு. முழங்கால் வரை கடல்மணல்.

"பஸ்ஸால எறக்கி வரிசையா நிக்க வெச்சாங்க புள்ள," என்றார். "ஆரோ ஒராள் வந்து என்ட கையப் புடிச்சாரு. கடற்கரையால கூட்டி வந்தாரு. ஒருத்தரும் எங்களப் பாக்கல்ல."

"ஆரு?"

"மொகம் தெரியல்ல. உடுப்பெல்லாம் நனைஞ்சி இருந்திச்சி."

அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தேன். பிசுபிசுத்தது. கடற்பாசி மணத்தது.

அடுத்த நாள் அவர் பள்ளிக்கூடம் போன பிறகு, அஸருக்குச் சற்று முன்பு, கதவு தட்டப்பட்டது. மூன்று தரம். யன்னலால் எட்டிப் பார்த்தேன். வெயில் எறித்தது. வாசலில் யாரும் இல்லை. படியில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது.

அதற்கடுத்த நாளும்.

அதற்கடுத்த நாளும்.

ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் டீவீ கேமைப் போட்டார். பட்டினம் வந்தது. பெரிய கதவு வந்தது. அவர் பெட்டியைத் தட்டினார், அணைத்து மறுபடி போட்டார்.

"இஞ்ச பாருங்க ஜெனூபா. உங்கட ஆளக் காணல்ல."

கதவடியில் யாரும் இல்லை. கதவு தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் இடுக்கால் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது, வீடுகளின் முதல் படி மூடும் அளவுக்கு.

அவர் அங்கே இல்லை என்றால் எங்கே என்று எனக்குத் தெரியும். மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் தன்னுடைய வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உம்மாவிடமும் போனேன். பாதியைச் சொன்னேன்.

"நேர்ந்தத வெச்சிக்கிட்டு இரிக்கப் போடாது மகள்," என்றா உம்மா. "ஆருக்கு நேர்ந்தாய்?"

வயரிலிருந்து கழற்றிக் கொண்டுபோயிருந்த முடிச்சை நீட்டினேன். உம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் அந்த முடிச்சை வாங்கி, பள்ளி உண்டியலில் தன் கையாலேயே போட்டுவிட்டு வந்தா. அன்று நிம்மதியாகச் சோறு தின்றேன்.

விடிந்து பார்த்தால் முடிச்சு வயரில் கட்டியபடி கிடந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

மூன்று வாரம் தாங்கினேன். தட்டுவதில் கோபம் இல்லை, அவசரம் இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. திரையில் தண்ணீர் கூரை மட்டத்துக்கு ஏறிவிட்டது. சின்னச் சின்ன மனிதர்கள் கூரையில் ஏறி நின்று கையை ஆட்டினார்கள். ராவில் மச்சான் நித்திரையிலேயே எழும்பி, யாரோ பின்னால் கூப்பிடுகிறதுபோல் கதவுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். கொண்டு வந்து விட்டவர் திருப்பி எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன்.

ஒரு நாள் ஒழுச் செய்து, லுஹரைத் தொழுது, நல்ல சாரியை உடுத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். வெயிலும் வெறும் முற்றமும். கடற்பாசி மணம் முகத்தில் வந்து மோதியது.

"வந்திட்டன்," என்றேன். "எடுங்க."

குளிர்ந்த ஏதோ ஒன்று என் வயிற்றில் பட்டது. விரித்த உள்ளங்கை எவ்வளவு அகலமோ அவ்வளவு இடத்தில். பிறகு மணம் போய்விட்டது. நான் உயிரோடு நின்றேன். என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து, பைத்தியக்காரி, அந்தப் படியிலேயே இருந்து சிரித்தேன்.

மஃரிபுக்கு முன்னால் இரத்தம் போகத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் என் தலையைத் தடவிய தாதி மிஸ்ஸி கேட்டா: "மூணு மாசம் ஆகியிரிக்கே தங்கச்சி. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. பயத்தில் நாள் தள்ளிப்போகிறது என்றுதான் இருந்துவிட்டேன். நான் நேர்ச்சை வைத்த அன்றே வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

வீட்டுக்கு வந்தபோது வயரில் முடிச்சு இல்லை. மச்சான் தடுக்கத் தடுக்க டீவீயைப் போட்டேன். பட்டினத்தில் தண்ணீர் வற்றியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. கதவுக்காரர் தன் இடத்தில் நின்றார். அவருடைய இடது கையில் வெள்ளையாக ஒரு சின்னப் பொதி.

"அது முதல்லயும் இருந்திச்சி," என்றார் மச்சான். அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

அந்த டீவீ கேம் கசட்டைக் கடலில் எறியப் பார்த்தார். காலைப் பிடித்து மறித்தேன். யாருக்காவது கொடுப்போம் என்றார். கொடுத்தால் எவனாவது விளையாடுவான், அவரைக் கொல்வான், கடல் உள்ளே வரும். அவர் கையில் என் பிள்ளை இருக்கிறதே.

இப்போது தொண்ணூற்றாறு. கூரை போட்ட என் வீட்டுக்கு வந்துவிட்டோம். கடலுக்குத் தூரம். கதவு புதிது. தினமும் ஒரு தடவை டீவீயைப் போட்டுப் பார்க்கிறேன். பொதி போய், இப்போது அவர் கையைப் பிடித்தபடி பிள்ளை நிற்கிறது. போன மாதத்தைவிட ஒரு புள்ளி உயரம். நான் ஒன்றையும் அழுத்துவதில்லை. கரண்ட் போனால் மட்டும் அது வரும்வரை டீவீக்கு முன்னாலேயே இருப்பேன்.

நேற்று டீவீயைப் போட்டேன். கதவுக்காரர் தனியாக நின்றார்.

அஸருக்குச் சற்று முன்பு, மச்சான் வீட்டில் இல்லாத நேரம், முன்கதவில் சத்தம் கேட்டது. மூன்று தரம். வழமையான உயரத்தில் இல்லை. கீழே, என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.

திறந்தால் இந்த வீட்டில் இன்னொருவர் போவார் என்று தெரியும். திறக்காமல் இருக்க எந்தத் தாயால் முடியும்?

கதவோடு சாய்ந்து கீழே இருந்தேன். சத்தம் வந்த இடத்தில் என் கையை விரித்து வைத்தேன். பலகை நனையத் தொடங்கியது.

மறுபக்கத்திலிருந்து, அதே இடத்தில், ஒரு சின்னக் கை மெல்லத் தட்டியது.