பூட்டிய கதவுக்கு அப்பால் நியா

விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, பிள்ளைகளைச் சுவரோரம் உட்காரவைத்து வெகுநேரமாகியும் ஒரு சிரிப்புகூடக் கேட்கவில்லை. கொலீன் பிராண்டுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. ஆசிரியையாகச் சேர்ந்த நாளிலிருந்து தொண்டை கிழியக் கத்தியும் அடங்காத மூன்றாம் வகுப்பு, "கிறிஸ்துமஸ் வரைக்கும்கூட தாங்க மாட்டீங்க மிஸ்" என்று முகத்துக்கு நேரே சொன்ன கூட்டம், இருட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கியிருந்தது. துப்பாக்கிக்காரன் வந்தால் ஒளிந்துகொள்வது எப்படி என்ற ஒன்றைத்தான் இந்த பால்டிமோர் பள்ளி ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருந்தது. நினைக்கவே அவளுக்குக் கசந்தது.

ஈரக் கோட்டுகளின் வாடை, சுவருக்குள் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும் வெந்நீர்க் குழாய், ஜன்னல் திரையோரம் கசியும் பனிக்கால வெளிச்சம், எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. நியா மட்டும் இல்லை. ஒலிபெருக்கி அலறுவதற்குச் சற்று முன்புதான் அவளைக் கழிப்பறைக்கு அனுப்பியிருந்தாள்.

கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள்.

"மிஸ், நான்தான், நியா. தொறங்க."

கொலீன் எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள். போன பயிற்சியில் இப்படித்தான் ஒரு பிள்ளை வெளியே அழுதது, இவளும் பதறிப்போய்த் திறந்தாள். பிள்ளையின் தோளில் கைபோட்டபடி தலைமையாசிரியர் ஹார்லன் நின்றிருந்தார். "இவங்க மனசு தங்கந்தான்," என்றார் பிறகு, ஆசிரியர்கள் அத்தனை பேர் முன்னாலும். "நெசமா இருந்தா ஒரு பிள்ளை மிஞ்சியிருக்காது. இன்னொரு தடவ தொறந்தீங்கன்னா வேற வேலை பாத்துக்கங்க, மிஸ் பிராண்ட்." அவர் தன் சாவியால் திறக்கும்வரை யாருக்கும் திறக்கக்கூடாது என்பது விதி. அன்று சிலர் சிரித்தது இன்னும் காதில் இருந்தது.

இந்த முறை ஏமாற மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள்.

"மிஸ், யாரோ படியேறி வர்றாங்க."

ஹார்லன் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்!

"ஹார்லன் சார் இல்ல மிஸ். ப்ளீஸ்."

இருட்டில் இமானி அவள் பாவாடையை இழுத்தாள். "மிஸ், அவ நெசமாவே அழறா."

"ஷ்ஷ். இது பயிற்சிடா கண்ணு."

வெளியே கனத்த காலடிகள். அவசரமில்லாத காலடிகள். கதவின் அடியில் நகங்கள் பிறாண்டின. காலடிகள் நின்றன.

படார்.

நடைவழியில் பிள்ளைகள் பை வைக்கும் அலமாரிக் கதவு. அலமாரிக் கதவாகத்தான் இருக்கும்.

காலடிகள் மெல்ல விலகிப்போயின. ஹார்லன் வரவில்லை. சாவிச் சத்தமும் இல்லை.

அவள் இடது கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. சில்லென்றிருந்தது. ஈரம்.

"பயப்படாத, இமானி."

"நான் இந்தப் பக்கம் இருக்கேன் மிஸ்," என்றாள் இமானி, வலப்புறமிருந்து.

பூட்டு போட்டபடியே இருந்தது.

"எப்படி உள்ள வந்தே?" கொலீனுக்கு உதடு மட்டுந்தான் அசைந்தது.

"நீங்க தொறக்கலியே மிஸ்," என்றாள் நியா. கோபமே இல்லை. "அதான் இப்படி வந்தேன்."

கொலீன் கதவைப் பார்த்தாள். அடியில் ஒரு கோடு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் நான்கு சின்ன விரல்நுனிகள். உரிந்துபோன ஊதா நகப்பூச்சு. அசையவில்லை.

அதே விரல்கள் அவள் கைக்குள் மெதுவாக இறுகின.