ரெண்டாம் நம்பர் விளக்கு

"பூட்டிக் கெடக்குற வூட்ல லைட்டு எப்படிம்மா எரியும்? இன்னாதான் எழுதி வெச்சுக்கினு கீற?" எட்டாம் நம்பர் தேவானை மாடிப்படியில் நின்றபடியே கத்தினாள்.

"கத்தாதீங்கக்கா. ப்ரோக்ராமுக்குள்ள எண்ணிக்கை ஜீரோவுல ஆரம்பிக்கும். எங்கயோ ஒண்ணு தள்ளி எழுதியிருப்பேன்" என்றாள் ஜுவேரியா.

"தள்ளிப் போனா பக்கத்து வூட்டு லைட்டு எரியட்டும். செத்தவர் வூட்டு லைட்டு ஏன் எரியுது?"

சங்கச் செயலாளர் கருணாகரன் தீர்ப்புச் சொன்னார். "சாயங்காலத்துக்குள்ள அத அணைச்சுடும்மா. இல்லன்னா பெட்டியக் கழட்டி வீசிடுவேன்."

ஜுவேரியா தன் ஒன்றாம் நம்பர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முப்பத்தாறு வயது, தனியாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்கு மாடிக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அண்ணன் நதீம் கோடம்பாக்கத்துக்குக் குடிபோன பிறகு அவள் வீட்டுக்கு வந்ததெல்லாம் தண்ணீர் கேன் மட்டும்தான் என்பது தேவானையின் கணக்கு. வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் சின்னச் சில்லுகளுக்கு நிரல் எழுதும் வேலை. மனுஷரோடு பேச வேண்டாத வேலை.

மாடிப்படிக்கடியில் இருக்கும் பெட்டியைச் செய்ததும் அவள்தான். எட்டு வீட்டுக்கு எட்டு விளக்கு. வாசல் கதவுக்கு உட்புறம் இருக்கும் பொத்தானை ஒருதரம் அழுத்தினால் 'இருக்கிறேன்', மறுதரம் அழுத்தினால் 'இல்லை'. மழையில் படகு வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டாமா? மின்சாரம் போனாலும் எரிய பேட்டரி வேறு. இவளுக்கென்ன இவ்வளவு அக்கறை என்று அப்போது எல்லோரும் வியந்தார்கள். காரணம் அவளுக்கு மட்டும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்த அன்று, எதிர்வீடான இரண்டாம் நம்பர் சுந்தரராமன் எங்கே என்று படகுக்காரர் கேட்டார். "அவர் இல்லண்ணா. திருவான்மியூர்ல மக வீட்டுக்குப் போயிட்டார்" என்று சொன்னவள் அவள். போகப்போகிறேன் என்று அவர் முந்தின வாரம் சொல்லியிருந்தார். போனாரா என்று அவள் பார்க்கவில்லை. படகு நகரும்போது ஒரு இருமல் கேட்ட மாதிரி இருந்தது. படகைத் திருப்பச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஐந்தாம் நாள் கதவை உடைத்தார்கள்.

இன்றைக்கும் மதியத்திலிருந்தே வானம் இறங்கி வந்து மொட்டைமாடியில் உட்கார்ந்துகொண்டது. மூன்று மணிக்கே அறைக்குள் இருட்டு. ஜன்னல் தகரத்தில் மழை ஒரே சீராகக் கொட்டியது. எங்கிருந்தோ நீலகிரித் தைலத்தின் வாசனை, முட்டிவலிக்காரர் ஒருவர் இப்போதுதான் தேய்த்துக்கொண்டு எழுந்துபோன மாதிரி, மெலிசாக வந்து வந்து போனது. ஜுவேரியா மடிக்கணினியைப் பெட்டியிலிருந்து வீட்டுக்குள் இழுத்திருந்த கேபிளில் செருகினாள். திரையில் எட்டு இலக்கம் வந்தது. வலது ஓரம் அவளுடையது. அதற்கு அடுத்தது அவருடையது.

11111111

எங்கும் ஒன்று தள்ளவில்லை. நிரல் சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் அந்த வீட்டுக்குள்ளே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அந்த யோசனையை அவள் முழுதாக யோசிக்கவில்லை. நிமிஷத்துக்கு ஒருதரம் அந்த ஒரு விளக்கை மட்டும் அணைக்கும்படி ஒரு வரி சேர்த்து ஏற்றினாள்.

PORTB &= (1 << 1);

00000010

எல்லோரும் அணைந்துபோனார்கள். அவர் மட்டும் இருந்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நெளிகோடு விட்டுப்போயிருக்கிறது. அந்த நெளிகோடு இருந்தால் 'இவரை மட்டும் நீக்கு'. இல்லாவிட்டால் 'இவரைத் தவிர எல்லோரையும் நீக்கு'. முதல் வருஷப் பிள்ளைகள் செய்யும் தப்பு. திருத்தினாள்.

PORTB &= ~(1 << 1);

மீண்டும் ஏற்றி, பழைய விளக்குகளையும் போட்டுவிட்டுப் பார்த்தாள். வலமிருந்து இரண்டாவது சுழியமாக வேண்டும்.

11111110

அவர் இருந்தார். அவள் இல்லை.

வரியைப் படித்தாள். நெளிகோடு இருந்தது. விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. எழுந்துபோய் வாசல் பொத்தானை அழுத்திவிட்டு வந்தாள். சுழியம். இன்னொருதரம். சுழியம்.

மின்சாரம் போனது. மாடியில் நாற்காலி இழுபட்டது. தேவானை யாரையோ விரட்டினாள். "தெருவுல தண்ணி ஏறிக்கினே வருது, சீக்கிரம் கெளம்புய்யா!" திரையில் இடது ஓரம் அணைந்தது. வீடுகள் ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்திவிட்டு இறங்கின.

01111110

00111110

பிறகு நின்று நின்று, ஒவ்வொன்றாக.

00000010

கதவடியில் தண்ணீர் நாக்கு நீட்டியது. கைபேசியில் சிக்னல் இல்லை. ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். ஈரத்தில் ஊதிப்போன மரம் அசையவில்லை. தைல வாசனை இப்போது அடர்த்தியாக, மூக்கை எரித்தது.

வெளியே கருணாகரன் குரல். "ஒண்ணாம் நம்பர்ல ஜுவேரியா இருக்குதா பாருங்கப்பா!"

"லைட்டு எரியலியே சார்!" என்றான் படகுக்காரப் பையன்.

"இருக்கேன்!" கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "சார்! உள்ள இருக்கேன்!" மழை அதை விழுங்கியது. படகு மோட்டார் விழுங்கியது.

"எதுக்கும் ஒருதபா தட்டிப் பாரு."

தண்ணீரில் காலடி. ஒன்று. இரண்டு. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

அப்போது எதிர்வீட்டிலிருந்து ஒரு இருமல். அதன் பின், நிதானமாக, ஒரு கிழக்குரல்.

"அவ ஆத்துல இல்லப்பா. கோடம்பாக்கத்துல அண்ணா ஆத்துக்குப் போயிட்டா."

"சரிங்க தாத்தா."

காலடி திரும்பியது.

யாருக்குச் சரி சொன்னோம் என்று அவன் யோசிக்கவில்லை. மோட்டார் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மேசைமேல் இருந்த திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அவள் பார்க்கும்போதே கடைசி ஒன்றும் மாறியது.

00000000

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல நாலு வரி போதும். நதீம் வந்து தங்கையை அடக்கம் செய்தான், பூட்டுப் போட்டுவிட்டுப் போனவன் திரும்பவில்லை. தேவானை தன் மகள் ஊருக்கே போய்விட்டாள். இரண்டாம் நம்பரைச் சுந்தரராமனின் மகள் வாடகைக்கு விட்டாள். ஸஹானாவும் சுஹாஸும் கல்யாணமான கையோடு வந்து பால் காய்ச்சினார்கள். அந்த வீட்டு விளக்கு ஒழுங்காக எரிகிறது, ஒழுங்காக அணைகிறது, ஒரு குறையுமில்லை. கருணாகரன்தான் பெட்டி ஒயரைக் கழற்றினார், பேட்டரியையும் எடுத்துப் பார்த்தார், அப்போதும் ஒரு விளக்கு அணையவில்லை, பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே மாட்டிவிட்டு மாடிக்குப் போனார்.

ஒன்றாம் நம்பர் பூட்டித்தான் கிடக்கிறது. விளக்கு எரிகிறது. மழைநாளில் அது அணைந்து அணைந்து எரியும், உள்ளே யாரோ பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதுபோல.