இருபதாவது நிமிடம்

பதினோரு நாளில் மூன்றாவது தடவையாக அந்த மாடிப்படி ஏறும்போது மெக்கானிக்குக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. பட்டப்பகல் மூன்று மணி. பைக்குள் இன்னொரு பவர் சப்ளை. எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் முதல் பழியை அதன்மேல்தான் போடுவான். கடைத்தெருவில் அவனுக்கு ‘சப்ளை’ என்றே பெயர்.

கதவைத் திறந்த அக்காவின் கண்கள் சிவந்து கிடந்தன. கட்டப்போகும் கட்டடங்களை நிஜம்போலப் படமாக்கித் தருவது அவள் தொழில். கடைசிக் கட்டத்தில் கம்ப்யூட்டர் இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் ஓடியாக வேண்டும்.

“சும்மா வச்சிருந்தா நாள் முழுக்க ஓடுது தம்பி. வேலையக் குடுத்தா சரியா இருபது நிமிஷம்தான். அணைஞ்சு, மறுபடி முதல்லேருந்து வருது. ஆறு மணிக்குள்ள அனுப்பலைன்னா இந்தக் கம்பெனிக்காரன் இனிமே என்னைக் கூப்பிடவே மாட்டான்.” இடது தோளைப் பிசைந்துகொண்டே சொன்னாள். “தூங்கி மூணு நாளாச்சு.”

அது அவள் கணவரின் மெஷின். அவருக்கும் இதே தொழில்தான். எட்டு மாதத்துக்கு முன் இரண்டு நாள் எழுந்திருக்காமல் இதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் அவள் வந்து பார்த்தபோது படம் முடிந்திருந்தது. அவரும்.

சப்ளைக்கு அந்தக் கதையெல்லாம் முதல் தடவையே தெரியும். அவனுக்குத் தெரியாதது கோளாறு ஒன்றுதான். பவர் சப்ளையை மாற்றியாயிற்று. ரேமை மாற்றியாயிற்று. தூசி ஊதி, பிராசஸருக்குப் புதுப் பேஸ்ட் தடவி, யு.பி.எஸ். கூடக் கொண்டுவந்து வைத்தாயிற்று. கடையில் வைத்தால் சனியன் ராத்திரி முழுக்கச் சமர்த்தாக ஓடுகிறது. இங்கே வந்தால் மானத்தை வாங்குகிறது.

இன்று கையும் களவுமாகப் பிடிப்பது என்று தரையில் குப்புறப் படுத்து, டார்ச்சை அடித்து வைத்துக்கொண்டான். அக்கா வேலையை ஓடவிட்டாள். ஃபேன் முதலில் முனகி, பிறகு இரைந்தது. சூடான பிளாஸ்டிக்கும் தூசியுமாக வாடை கிளம்பியது. சூடு அளவோடுதான் இருந்தது. அக்கா நாற்காலியை விட்டு எழாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பது நிமிடம்.

பின்கழுத்தில் சில்லென்றது. ஜன்னல் சாத்தியிருந்தது.

பெட்டியின் முன்பக்கம், கீழே இருந்த சின்ன ரீசெட் பட்டன் மெதுவாக உள்ளே போனது.

யாரோ விரலை வைத்து அழுத்துவதுபோல, நிதானமாக.

டிக்.

திரை கறுத்தது. பட்டன் வெளியே வந்தது.

சப்ளை அந்தப் பட்டனை நகத்தால் ஒருமுறை சீண்டிப் பார்த்தான். பிறகு, தொழில் தெரிந்தவன் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் விதத்தில் ஏமாற்றிக்கொண்டான். “பட்டன் ஸ்பிரிங் போச்சுக்கா!” என்று கத்தினான். “சூட்டுல தானா அமுங்குது. இதுக்கா பதினோரு நாள் நாயா அலைஞ்சேன்!” பட்டனை வயரோடு கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அக்கா வேலையை மறுபடி ஓடவிட்டாள். இருபது நிமிடம் தாண்டியது. முப்பதும் தாண்டியது. மெஷின் அணையவில்லை. அக்காவும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“நீங்க போங்க தம்பி. இனி நான் பாத்துக்கறேன்.”

வீதிக்கு வந்து நாலு எட்டுகூட வைத்திருக்க மாட்டான்.

டிக்.

சட்டைப்பையிலிருந்து பட்டனை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். இரண்டு மெல்லிய வயர்கள் ஒன்றிலும் சேராமல் தொங்கின. பட்டன் அமுங்கியது. எழுந்தது. மறுபடி அமுங்கியது. இப்போது நிதானம் இல்லை.

டிக் டிக் டிக் டிக்.

அழுத்துகிற விரல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அதன் கனம் அவன் கையில் தெரிந்தது. அதன் நடுக்கமும் தெரிந்தது.

ஏன் என்று யோசிக்காமல் திரும்பி ஓடினான். படிகளை மூன்று மூன்றாகத் தாவினான். உள்ளே ஃபேன் இரைந்துகொண்டிருந்தது, மெஷின் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் அக்கா தாடை நெஞ்சில் படச் சரிந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. உதடு நீலம் பாரித்திருந்தது.

“அக்கா! அக்கா!”

ஆஸ்பத்திரியில் டாக்டர், “யாரு கொண்டுவந்தது? இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது” என்றார். சப்ளை சட்டைப்பையிலிருந்த பட்டனைத் தொட்டுப் பார்த்தான். யாரைச் சொல்வது?

அந்த வேலை கைவிட்டுப் போயிற்று. கம்பெனிக்காரன் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டான். ஒரு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள்.

“அந்தப் பட்டனை மறுபடி மாட்டிக் குடுங்க தம்பி.”

“அது கெட்டுப்போன பட்டன்க்கா.”

“கெடலை. மாட்டுங்க.”

போய் மாட்டினான். அவள் ஏதோ புது வேலையைத் திறந்து ஓடவிட்டாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல் அவன் வாசற்படியிலேயே நின்றான். ஃபேன் இரைந்தது. இருபதாவது நிமிடம்.

டிக்.

திரை கறுத்தது. பாதி வேலை போன கடுப்பில் அக்கா உச்சுக்கொட்டினாள். பிறகு முட்டியில் கையூன்றி எழுந்து, மேஜைக்குப் பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“சரிங்க, சரிங்க. எந்திரிச்சுட்டேன்.”