ஹார்விக் தோட்டத்து மணி

புது மணியின் முதல் அடி கேட்டபோது ஹெஸ்டர் ஃபியு கண்ணாடி முன் நின்று தொப்பியில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். மூன்றாவது அடி கேட்டபோது வீட்டை விட்டு வெளியே, வேலிக்கு அப்பால், சாலையையும் தாண்டிக் கரும்புக் கொல்லையின் ஓரத்தில் வெறுங்காலோடு நின்றாள். நடுவில் அடித்த இரண்டாவது அடி அவள் நினைவில் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். ஷூ இரண்டும் படிக்கட்டில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அவள் அப்படி வைக்கிறவள் அல்ல.

வெயில், இரத்த அழுத்தம், ஐம்பத்து நாலு வயது என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டு அன்று ஆராதனைக்குப் போனாள். அது 1974 அக்டோபர், ஆலை இரவு பகலாக ஓடும் அரவைக் காலம். வாரிங்கா ஊர் முழுக்கக் கொதிக்கும் பாகின் வாடை அடித்தது. மாலையில் கொல்லைகளுக்குத் தீ வைப்பார்கள், காய்ந்த கரும்புச் சோகையெல்லாம் எரிந்து கரித்துகள் கொடியில் காயும் துணிமேல் வந்து உட்காரும். இதெல்லாம் அவள் பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். மணிதான் புதிது. புதிது என்பது அவர்கள் தேவாலயத்துக்கு. மணி பழையது.

ஹார்விக் குடும்பம் அதைக் கொடுத்திருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் கடலுக்கு அப்பாலுள்ள தீவுகளிலிருந்து கப்பலில் ஆள் பிடித்து வந்து கரும்பு வெட்ட வைத்தவர்களில் பெரிய ஹார்விக்கும் ஒருவர். ஹெஸ்டரின் அப்பா மலைட்டாத் தீவுக்காரர். கோடரி வாங்கலாம் என்று படகில் போய்க் கப்பலோரம் நின்றவரை மேலிருந்து தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். அப்போது அவருக்குப் பதினாலு வயது. தோட்டத்தில் ஐந்து மணிக்கு இந்த மணி அடிக்கும். பெரிய ஹார்விக் வராந்தாவில் நின்று ஜெபம் பண்ணுவார், வேதத்தில் கீழ்ப்படிதலைப் பற்றி மட்டும் வாசிப்பார், மறுபடி மணி அடிக்கும், எல்லோரும் கொல்லைக்குள் குனிவார்கள். ஆற்றங்கரைக் கொட்டகையில் மிஷன் ஆசிரியை ஒருத்தி ராத்திரிப் பள்ளி நடத்தினாள். வேதத்தில் அடிமைகள் விடுதலையாகிக் கடலைக் கடந்து போன கதையை அவள் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்ததற்காகத் தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது என்று துரத்திவிட்டார்கள். அதற்குள் அப்பா வாசிக்கக் கற்றுவிட்டார். ஊர்த் தேவாலயத்தில் உட்கார இடம் இல்லை என்று சொன்னபோது, அவரும் இன்னும் எட்டுப் பேரும் ஆலை கழித்துப்போட்ட பலகையையும் தகரத்தையும் வைத்து இந்தத் தேவாலயத்தைக் கட்டினார்கள்.

அந்த வாசலில்தான் இப்போது மணி தொங்கியது. வருகிற ஞாயிறு அதைப் பிரதிஷ்டை பண்ண அந்தக் குடும்பத்தின் இப்போதைய தலைவர் ராபர்ட் ஹார்விக் நேரில் வருவதாக இருந்தது.

புதன்கிழமை ஹெஸ்டர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருந்தாள். தேவாலயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாலு மைல். மூன்று இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, பக்கத்தில் நிற்பவள் பேசினாலே காதில் விழாது, ஆவியும் சோப்பு நெடியும் சூடான பருத்தி வாசனையும் மூச்சை அடைத்தன. மாலை ஐந்து மணிக்கு, அத்தனை இரைச்சலுக்கும் அடியில், தரைக்குள்ளிருந்து வருவதுபோல் மணி கேட்டது. போர்வையைக் கீழே போட்டாள். முதுகு வளைந்தது. இடது கை முன்னே நீண்டு இல்லாத ஒன்றைப் பற்றியது, வலது கை தாழ வீசி அதன் அடியை வெட்டியது. பற்றினாள், வெட்டினாள், எறிந்தாள். கூட வேலை செய்தவள் தோளைப் பிடித்து உலுக்கும் வரைக்கும் வெட்டினாள். வாழ்நாளில் ஒரு கரும்புகூட ஹெஸ்டர் வெட்டியதில்லை.

அன்று மாலையே அவள் தங்கை நோராவின் புருஷன் வெஸ்ஸைக் காணவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் கொல்லை நடுவில் கண்டுபிடித்தார்கள். கரும்பு வெட்டும் இயந்திரம் வந்து பத்து வருஷமாகிறது, அந்த ஊரில் யாரும் கையால் வெட்டுவதில்லை. வெஸ் வெறுங்கையால் வெட்டிக்கொண்டிருந்தான். சோகை கீறி முழங்கை வரை ரத்தம். நோரா துடைத்துவிடும்போது ஏன் போனாய் என்று கேட்டாள். அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"மணி அடிச்சுச்சுல்ல," என்றான். "போனேன்."

வியாழக்கிழமை ஹெஸ்டர் பாஸ்டர் சைலஸ் டன்னாவைப் பார்க்கப் போனாள். அவளை விடப் பத்து வயது சின்னவர், நல்லவர், சண்டைக்குப் பயந்தவர். நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் மறுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. பகை தீர்ந்து வருகிற நேரத்தில், கொடுத்த பரிசைத் திருப்பிக் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்றார். ஹார்விக் எழுதிய கடிதத்தைக் காட்டினார். நட்பின் அடையாளம் என்று இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் உள்ளங்கையை அவள் பார்த்துவிட்டாள். காய்ப்புக் காய்த்திருந்தது. வாராவாரம் பிரசங்கம் எழுதப் பேனா மட்டும் பிடிக்கிற கை.

"மன்னிக்கணும்னுதானேக்கா நமக்குச் சொல்லியிருக்கு," என்றார்.

"மன்னிக்கிறது வேற பாஸ்டர். கூப்பிட்டதும் போய் நிக்கிறது வேற."

அவர் கையை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அவளே கிளம்பினாள். வெஸ்ஸின் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டாள். காலில் ஷூவை இறுக்கிக் கட்டி, கயிற்றைக் கணுக்காலைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தை விடக் கோபம் அதிகமாக இருந்தது. அப்பா ஆணியடித்த வாசலில் அந்த மணி தொங்கக்கூடாது.

தேவாலயத்துக்கு எதிர்க் கொல்லைக்கு அப்போதுதான் தீ வைத்திருந்தார்கள். தீ, மழை கொட்டுகிற சத்தத்தோடு ஓடி, பத்தே நிமிஷத்தில் அடங்கி, இலையெல்லாம் போய்க் கறுத்த தண்டுகள் மட்டும் வரிசை வரிசையாக நின்றன. புகை சாலைமேல் தாழ்ந்து படிந்தது. வெந்த சர்க்கரையின் வாசனை தொண்டையில் ஒட்டியது. தூரத்தில் ஆலை உறுமியது. ஆற்று முகத்தில், அலையாத்திக் காட்டுப் பக்கம், தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அவள் வாசற்படியில் கால் வைத்ததும் தவளைகள் நின்றன.

மணி ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. சத்தமும் இல்லை.

ஏணியைச் சாத்தி ஏறினாள். முதலில் நாக்கைக் கழற்றிவிட்டால் போதும் என்று நினைத்தாள், நாக்கில்லாத மணி எப்படிக் கூப்பிடும்? உள்ளே கையை விட்டாள். விளிம்பு பனிக்கட்டி போல் சில்லிட்டது. இன்னும் மேலே துழாவினாள். நாக்கு கையில் பட்டது.

சூடாக இருந்தது.

ஈரமாக இருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி உள்ளே விடத் துணியமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. விரல்களுக்குள் அது நெளிந்தது. பேசப் பார்ப்பதுபோல். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரை மாட்டித் திருகினாள். ஒரு சுற்று. இரண்டு. பழைய இரும்பு கீச்சிட்டது. மூன்றாவது சுற்றில் நாக்கு கழன்று படியில் விழுந்து, வெறும் இரும்பாக உருண்டு கிடந்தது.

மணி அடித்தது.

நாக்கில்லாமல். அவள் முகத்துக்கு நேராக. தகரக் கூரை அதிர்ந்தது.

முதுகு வளையத் தொடங்கியது. ஏணியை இரு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் திருப்பினாள்.

சாலையில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நோரா, வெஸ், பாஸ்டர் சைலஸ். தேவாலயத்து ஜனம் முழுவதும். வெறுங்கால். குனிந்த தலை. யாரும் தேவாலயத்தைப் பார்க்கவில்லை. கொல்லைக்குள் இறங்கினார்கள்.

அங்கே முன்பே ஆட்கள் இருந்தார்கள்.

கறுத்த தண்டுகளுக்கு நடுவில், தண்டோடு தண்டாக, வரிசையாகக் குனிந்திருந்தார்கள். இடுப்பில் கோணித் துணி. முதுகெல்லாம் சாம்பல். வயிற்றுக்கடுப்பில் செத்தவர்களைத் தோட்டத்திலேயே புதைத்து, மறு வருஷம் அதன் மேலேயே உழுதார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நூறு பேரா? முந்நூறா? பற்றினார்கள், வெட்டினார்கள், எறிந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. செத்தும் ஓய்வில்லை. இந்த மணி எத்தனை வருஷமாக இவர்களைக் கூப்பிட்டிருக்கிறது?

முதல் வரிசையில் ஒரு முதுகு. இடது தோளில் பழைய தழும்பு. ஹெஸ்டர் சின்ன வயதில் விரல் வைத்துத் தடவிய தழும்பு.

அப்பா இந்தத் தேவாலயத்துக்குப் பின்னால்தான் படுத்திருந்தார். பாட்டுப் பாடி, பூப் போட்டு, சுதந்திர மனுஷனாக அடக்கம் பண்ணினார்கள். அவரையும் மணி எழுப்பியிருந்தது. அவரும் குனிந்திருந்தார்.

பயம் அப்போதுதான் அவளை விட்டுப் போனது. அந்த இடத்தில் வந்தது வேறு.

ஏணியிலிருந்து இறங்கினாள். மணி அடித்தது, முழங்கால் மடங்கியது. நிமிர்ந்தாள். மறுபடி அடித்தது. மறுபடி நிமிர்ந்தாள். இடுப்பெலும்பு முறிவதுபோல் வலித்தது. சாலையைக் கடந்து, கொல்லையின் வரப்பில் போய் நின்று, அப்பா தினமும் ஜெபத்தில் சொல்லிவந்த பெயர்களைக் கத்தினாள். மேஸ்திரி வைத்த ஜாக், டாம், திங்கட்கிழமை என்ற பெயர்கள் இல்லை. கப்பலில் ஏறும் முன்பு அவர்களுக்குத் தாய் வைத்த பெயர்கள்.

"மாயெலி. இரோகா. லாமோ. சுவின்யா. நிமிருங்க."

மணி அடித்தது.

"அப்பா, நிமிருங்க. போதும். யாரும் குனியவேணாம்."

தழும்பிருந்த முதுகு நின்றது. கை பாதியில் நின்றது. எலும்பு ஒவ்வொன்றாகச் சொடுக்கும் சத்தம் கேட்டது. அப்பா மெதுவாக நிமிர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர். அதற்குப் பக்கத்தில். வரிசை வரிசையாக, கொல்லையின் கடைசி வரைக்கும், அந்தச் சொடுக்குச் சத்தம் ஓடியது. உயிரோடிருந்தவர்கள் வரப்பில் விழுந்து அழுதார்கள். மற்றவர்கள் நின்றார்கள்.

விடிந்தது. அவர்கள் போகவில்லை.

ஒன்பது மணிக்கு ராபர்ட் ஹார்விக் காரில் வந்தார். கறுத்த கொல்லையில் நிமிர்ந்து நிற்பவர்களைப் பார்த்துக் காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நாக்கில்லாத மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எவரும் அசையவில்லை. முகங்கள் நிமிர்ந்திருந்தன, கண் இருக்க வேண்டிய இடத்தில் மண் இருந்தது. கடைசியில் கார்க் கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கி, பாஸ்டரிடம் இவர்களுக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டார். பாஸ்டர் சைலஸ் படியை விட்டு இறங்கி ஹெஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

ஹெஸ்டர்தான் சொன்னாள். "ஒண்ணும் கேக்கல. இனிமே குனியமாட்டாங்க. அவ்வளவுதான்."

அவள் போய்த் தேவாலயத்தின் இரண்டு கதவுகளையும் சுவரோடு சாய விரித்துக் கல்லை முட்டுக் கொடுத்தாள்.

அப்போது ஆற்று முகத்திலிருந்து சேற்றை மிதிக்கும் சத்தம் வந்தது. கரைக்கு வந்து சேராதவர்கள். ஆள் பிடித்த கப்பலின் அடித்தட்டில் சுடப்பட்டு, இரவோடு இரவாகக் கடலில் தள்ளப்பட்டவர்கள். அலையாத்தி வேர்களுக்கு நடுவே ஒவ்வொருவராக எழுந்து, தோள் நிமிர்த்தி, சாலைக்கு ஏறினார்கள். ஹார்விக்கின் காரின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு கடந்தார்கள். திறந்த வாய்களிலிருந்து கடல் தண்ணீர் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. முதல் ஆள் வாசற்படியில் ஏறியபோது, அவருக்குப் பின்னால் வரிசை ஆற்று முகத்தையும் தாண்டி, நீர்மட்டத்துக்கு மேல் தலை தலையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் வந்துகொண்டே இருந்தது.